காவிரியை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம்

‘சமரசம்’ என்ற சொல்லுக்கு நமது ஏடுகளில் நல்ல பெயர் இல்லை. வர்க்க சமரசம், கொள்கைச் சமரசம் என்று கண்டனத்துக்கே அதைப் பயன்படுத்திப் பழகியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளருக்கு இது ஓயாத இடர். கொள்கையை விட்டுக்கொடுக்கும் ‘காம்ப்ரமைஸ்’, பொதுவான ஒருவர் நடுவில் அமர்ந்து இரு தரப்பையும் பேசவைக்கும் ‘மீடியேஷன்’ ஆகிய இரண்டுக்கும் தமிழில் இந்த ஒரு சொல்லே வழங்குகிறது. பெங்களூரில் 2007 முதல் உயர்நீதிமன்றத்தின் கீழ் இயங்கிவரும் மையம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2023இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்துள்ளது.

இந்த இரண்டாவது பொருளிலான சமரசத்தை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சியாகக் கற்பிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வசதி படைத்த பள்ளிகளின் பொழுதுபோக்கு என்று நாம் இதை ஒதுக்கிவிடலாகாது. பெங்களூரில் வாழும் நாம் நிச்சயம் ஒதுக்கலாகாது.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி நீர் வழங்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் இந்நகரில் தமிழ்க் கூலித் தொழிலாளரின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் பறிபோனது. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அதே நாளில் சென்னையில் கன்னடர் நடத்தும் உணவகம் தாக்கப்பட்டது. இரு ஊர்களிலும் அடிபட்டவர்களுக்கு அணையின் மதகைத் திறக்கவோ மூடவோ எந்த அதிகாரமும் இருந்ததில்லை. ஆதாயம் அடைந்தவர்கள் மொழிவெறி அரசியல் நடத்துவோர்.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை உழவர்களே காட்டினார்கள். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். ஜனகராஜன் உள்ளிட்டோர் எடுத்த முயற்சியால் இரு மாநில விவசாயிகளும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ‘காவிரிக் குடும்பம்’ என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. ஒரு மாநிலத்து உழவர் மறு மாநிலத்து வயல்களை நேரில் சென்று பார்த்தனர். வழக்கு அவர்களால் தீர்ந்துவிடவில்லை. 2018இல் உச்சநீதிமன்றமே இறுதித் தீர்ப்பு வழங்கியது. ஆயினும் எதிர்த்தரப்பும் கடனிலும் வறட்சியிலும் உழலும் உழவரே என்பதைப் பங்கேற்றவர்கள் கண்கூடாகக் கண்டனர்.

இந்தச் சந்திப்பையே ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் நடித்துப் பார்க்கட்டும். கண்ணம்பாடி அணை நீரை நம்பியிருக்கும் மாண்டியா கரும்பு விவசாயி, ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் தஞ்சைக் குறுவை விவசாயி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் பெங்களூர்க் குடிசைவாசி, இவர்களோடு ஒரு நடுவர்: இவையே பாத்திரங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளை மாண்டியா விவசாயியாகவும், கன்னட வீட்டுப் பிள்ளை தஞ்சை விவசாயியாகவும் பேச வேண்டும். தன் கோரிக்கையை வைக்கும் முன், எதிர்த்தரப்பு சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவர் தீர்ப்புக் கூறக் கூடாது. கேள்வி மட்டுமே கேட்கலாம். உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி விடப்பட வேண்டும் என்பதும், கர்நாடகத்தின் கூடுதல் பங்கில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கானது என்பதும் மேசைமேல் இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதே கேள்வியாகட்டும். நல்ல மழை ஆண்டில் சண்டை எழுவதில்லை அல்லவா?

அதே வகுப்பறையில் இப்பயிற்சியின் எல்லையையும் கற்பித்தாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதை ‘மாணவர் மோதல்’ என்று பெயரிட்டு இரு தரப்பையும் கைகுலுக்கச் சொல்வது சமரசம் ஆகாது, அநீதிக்குத் துணைபோவதாகும். அங்கே வேண்டியவை சட்ட நடவடிக்கையும், நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது போன்ற சாதி ஒழிப்பு ஏற்பாடுகளும்தான். சமரசச் சட்டமேகூடக் குற்றவியல் வழக்குகளைப் பொதுவாகத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கோவூர்கிழார் நன்கு அறிந்திருந்தார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியினர், ஆற்றலில் நிகரானவர்கள். எவர் தோற்றாலும் தோற்பது அவர்கள் குடியே என்று எடுத்துரைத்து அவர் நடுவில் நின்றார். மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோதோ அவர் நடுவில் நிற்கவில்லை. சிறுவர்கள் பக்கம் நின்று அவர்களைக் காத்தார். புறநானூற்றின் 45, 46ஆம் பாடல்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது நமக்கு நல்ல பாடத்திட்டம்.

மாண்டியா உழவரும் தஞ்சை உழவரும் நிகரானவர்கள்; அவர்களிடையே பேச்சுவார்த்தை வேண்டும். ஒடுக்குவோனும் ஒடுக்கப்படுவோனும் நிகரல்லர். அங்கே நியாயம் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பதினைந்து வயதிலேயே பழகிய பிள்ளையை மொழிவெறிக் கும்பலுக்கு இழுப்பது எளிதன்று. ஆசிரியர், மாணவர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள், கன்னடமும் தமிழும் பேசும் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் ஒரு அரசுப் பள்ளியிலாவது வரும் கல்வியாண்டில் இதைத் தொடங்க முன்வர வேண்டும். அடுத்த வறட்சி ஆண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.