கடல் இல்லாத சேலத்தில் கன்டெய்னரை யார் சோதிக்கணும்?

ஃபேர்லேண்ட்ஸில் இருந்து பார்த்தா கடல் ரொம்ப தூரம். ஆனா சேலம் ஜவுளியும் நாமக்கல் முட்டையும் கப்பல் ஏறும் பயணம் தொடங்குவது இங்கேதான், குடோன் வாசலில். காலி கன்டெய்னர் வந்து நின்றதும் கேட்கும் முதல் குரல்: "சீக்கிரம் லோடு ஏத்துங்கப்பா!" அந்த அவசரத்தில் விட்டுப்போகும் பத்து நிமிஷம் பின்னாடி பெரிய நஷ்டமாகலாம்.

மரைன் சர்வேயர் யார்?

கப்பல், சரக்கு, கன்டெய்னர் எந்த நிலையில் இருக்கு என நேரில் பார்த்து அறிக்கை தருபவர். ஏற்றுமதியாளர், கப்பல் நிறுவனம், இன்சூரன்ஸ் நிறுவனம் என யாரும் அவரை அழைக்கலாம்.

என்ன பார்ப்பாங்க?

முதல் சோதனை ரொம்ப சிம்பிள். காலி கன்டெய்னருக்குள் போய், வெளியே ஒருவரை நிறுத்தி, கதவை மூடச் சொல்வார்கள். இருட்டில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கு. வெளிச்சம் நுழையும் வழியில் மழைத் தண்ணியும் நுழையும்.

அடுத்து கதவு ரப்பர், தரைப் பலகையின் ஈரம், பழைய சரக்கின் வாடை. கதவில் இருக்கும் சிஎஸ்சி தகடு, 1972 சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தப்படியான சான்று. முட்டை ஏற்றும் குளிர்சாதன கன்டெய்னர் என்றால், குளிரூட்டும் இயந்திரம் சோதிக்கப்பட்டதா என்பதும் முக்கியம். சரக்கு ஏற்றிய பிறகு எடையும் சரியாக இருக்கணும். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையைச் சொல்லாமல் எந்தக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக் கூடாது.

ஒரு கன்டெய்னர்தானே?

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஒரு கன்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. அதை இறக்க கத்தாரிலும் குஜராத்தின் ஹசீராவிலும் வழி கிடைக்கவில்லை. கொழும்பு அருகே 1,486 கன்டெய்னர்களோடு கப்பல் தீப்பற்றி, பிறகு மூழ்கியது. இலங்கை மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

நம்ம பொறுப்பு என்ன?

நம்ம பெட்ஷீட் நனைந்தால் அது செய்தியாகாது. ஆனா அந்த ஆர்டரை நம்பியிருக்கும் சின்ன தறி முதலாளிக்கு அது பேரிடிதான். 'இன்சூரன்ஸ் இருக்கே' என்று நினைக்க வேண்டாம். ஓட்டை இருப்பது தெரிந்தே நீங்கள் லோடு ஏற்றினால், வழக்கமான கடல் சரக்கு பாலிசி அந்தச் சேதத்துக்குப் பணம் தராது.

2017 முதல், அனுமதி பெற்ற ஏற்றுமதியாளரே தன் குடோனில் மின்னணு சீல் போடலாம். சுங்க அதிகாரி வந்து நிற்க வேண்டியதில்லை. நேரம் மிச்சம், நல்ல மாற்றம்தான். ஆனா கதவைப் பூட்டும் முன் உள்ளே பார்க்கும் கடைசிக் கண் நம்முடையது. அதை லோடுமேன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் கூலி ஏற்றும் மூட்டைக்குத்தான், பரிசோதனைக்கு அல்ல.

எனவே நிறுவனமே ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கணும். கன்டெய்னர் எண், தகடு, உட்புறம், சீல் என நாலு போட்டோ எடுத்து வைக்கணும். சந்தேகம் இருந்தால் சர்வேயரைக் கூப்பிடணும். ஓட்டை தெரிந்தால், லேட் ஆனாலும் பரவாயில்லை, கன்டெய்னரைத் திருப்பி அனுப்பணும்.