வானத்துக்கு எதற்கு விளக்கு?

சைனிக்புரியில் இரவு வேளையில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கண்ணுக்குப் படும் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென உருவான குடியிருப்பு அது. ஊர் வளர்ந்தது, விளக்கும் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவுக்கு வெளிச்சம் வேண்டும். பெண்டிரும் குழந்தைகளும் அச்சமின்றி நடமாட வேண்டும். ஆனால் தெருவில் விழ வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கு வானத்துக்குப் போகிறதே, அது யாருக்காக?

இதைக் கவிஞர்களின் கவலை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1977 மார்ச் 10ஆம் தேதி பின்னிரவில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்தில் 102 செ.மீ. தொலைநோக்கியுடன் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். யுரேனஸ் கிரகம் மங்கலான ஒரு நட்சத்திரத்தை மறைக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. மறைப்பு நேரிட வேண்டிய வேளைக்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் திடீரெனக் குறைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்க வேண்டும் என்று கருதிய இருவரும், 'நேச்சர்' இதழில் அவ்வாறே எழுதினர்.

அதே இரவில், இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானம் ஒன்றிலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும் அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். கணிப்பு முன்பின் ஆகலாம் என்று கருதி, பதிவுக் கருவியை முன்னதாகவே ஓடவிட்டிருந்தனர். கிரகத்துக்கு முன்பு ஒளி எப்படிக் குறைந்ததோ, பின்பும் அதே போலக் குறைந்தது. ஆகவே அது துணைக்கோள் அன்று, வளையங்கள் என்று அவர்கள் முடிவு கட்டினர். காவலூர்க்காரர்களும் தங்கள் பதிவை மறுபடி எடுத்து ஆராய்ந்து, சனியைப் போலவே யுரேனஸுக்கும் வளையத் தொகுதி உண்டு என்று அவ்வாண்டே எழுதினர். 1986 ஜனவரியில் வாயேஜர்-2 விண்கலம் அருகே சென்று அந்த வளையங்களைப் படம் எடுத்தது.

யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்ததே காவலூர்தான் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது முழு உண்மையாகாது. முதல் பெருமை விமானத்தில் இருந்தவர்களுக்கே உரியது. ஆனால் இதைச் சொல்வதால் காவலூருக்கு இழுக்கு ஏதுமில்லை. அன்று அவர்கள் விழித்திருந்தார்கள், கருவி ஓடியது, வானம் இருட்டாக இருந்தது. இம்மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் பதிவே இருந்திருக்காது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததையும் காவலூர் பதிவு செய்தது. காற்றில்லாத பாறை மறைத்தால் நட்சத்திரம் சட்டென்று அணையும். காற்று சூழ்ந்த கோளம் மறைத்தால் தேய்ந்து தேய்ந்து அணையும். காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் கிடைத்த பதிவுகளைக் கொண்டு, கனிமீடுக்கு மெல்லிய வாயு மண்டலம் உண்டு என்று விஞ்ஞானிகள் எழுதினர். 1979-ல் வாயேஜர் சென்று பார்த்தபோது அவ்வளவு காற்று அங்கே இல்லையென்று தெரிந்தது. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பதைக் காட்டியது. 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பாவின் 'ஜூஸ்' விண்கலம் இப்போது அந்தக் கனிமீடை நோக்கித்தான் பயணம் செய்கிறது.

விண்கலங்கள் போகும் காலத்தில் ஊருக்கு ஊர் தொலைநோக்கி எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். யுரேனஸ் போன்ற பெரிய கிரகத்தின் நிழல் பூமியின் பெரும்பகுதியில் விழும். சிறு பாறைகளின் நிழலோ அந்தப் பாறையின் அகலமே உள்ள ஒரு குறுகிய பட்டையாகத்தான் விழும். அந்தப் பட்டையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கே காட்சி. உலகத்திலேயே பெரிய தொலைநோக்கியானாலும் நூறு மைல் தள்ளி இருந்தால் பயனில்லை.

தென் அமெரிக்காவில் 2013 ஜூனில் பல இடங்களில் வைத்திருந்த தொலைநோக்கிகளைக் கொண்டுதான், சாரிக்ளோ என்ற சிறு கோளுக்கு வளையம் இருப்பது தெரிய வந்தது. அதையும் விஞ்சியது 2017-ல் நடந்தது. சூரியனிலிருந்து சுமார் 650 கோடி கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 36 கி.மீ. நீளமே உள்ள அரோகாத் என்ற பாறையை நோக்கி நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் போய்க்கொண்டிருந்தது. அதன் நிழல் ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் கொமொடோரோ ரிவடாவியா நகரப் பக்கம் விழும் என்று கணித்து, 20-க்கும் மேற்பட்ட தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். நகர நிர்வாகம் என்ன செய்தது? தெரு விளக்குகளை அணைத்தது. வாகன வெளிச்சம் இடையூறு செய்யாதிருக்கத் தேசிய நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடியது. காற்றைத் தடுக்க லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்று கிடைத்த விவரம் 2019 ஜனவரி 1-ல் விண்கலம் அரோகாத்தை நெருங்கிக் கடக்கப் பேருதவியாயிற்று.

ஹைதராபாத்துக்கு இத்துறை புதிதன்று. நவாப் ஜாபர் ஜங் 1901-ல் நிறுவிய நிஜாமியா வான ஆராய்ச்சிக்கூடம், பின்னாளில் பேகம்பேட்டையிலிருந்து லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துக் கொடுத்தது. அங்கே பணியாற்றியவரின் மகன்தான் வைணு பாப்பு. சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்து, நிஜாம் கல்லூரியில் படித்து, 1960-ல் கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்று, பிறகு காவலூரை உருவாக்கியவர் அவர். ஜோலார்பேட்டை வழியாக ஊருக்குப் போகும் ஹைதராபாத் தமிழர்கள், ரயில் ஜன்னலில் தெரியும் அந்த மலையில் தங்கள் நகரத்தின் பங்கும் இருப்பதை அறிந்திருப்பது நல்லது.

பேகம்பேட்டையை நகரம் சூழ்ந்துகொண்டதால், உஸ்மானியா பல்கலைக்கழகம் நகருக்கு வெளியே ஜப்பல்-ரங்காபூரில் இடம் தேடி, 1968-ல் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவியது. 1980 பிப்ரவரி 16-ன் முழுச் சூரிய கிரகணத்தைக் காண விஞ்ஞானிகள் கூடிய இடம் அது. வெளிச்சமும் புழுதியும் அங்கேயும் துரத்திக்கொண்டு வந்தன. பிற்காலத்தில் பணி குன்றிப் போயிற்று. வெளிச்சத்துக்குப் பயந்து ஓடிய தொலைநோக்கி இனி எவ்வளவு தூரம்தான் ஓடும்?

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சைனிக்புரிக்கு அருகிலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் சந்திரயான்-1க்காக 32 மீட்டர் ஆன்டெனாவை உருவாக்கிக் கொடுத்தது. பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் நிறுவப்பட்ட அதன் வழியாகத்தான், செவ்வாயின் வாயு மண்டலத்தை ஆராய்ந்த மங்கள்யானுடனும் பேசினார்கள். ஓய்வு பெற்ற ரேடார், வயர்லெஸ் பணியாளர்கள் இப்பகுதியில் குடியிருக்கிறார்கள். மறைப்பு நேரத்தைப் பதிவு செய்யச் சிறு தொலைநோக்கியும் துல்லியமான கடிகாரமும் கேமராவும் போதும். பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இவர்களே தொடங்கலாம்.

ஆனால் வானத்தை இவர்களால் இருட்டாக்க முடியாது. அது மாநகராட்சியின் வேலை. விளக்கின் மேற்புறத்துக்கு மூடி, கீழ்நோக்கிய கோணம், நள்ளிரவுக்குப் பின் விளம்பரப் பலகைகளின் வெளிச்சத்துக்குத் தடை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு பிடிக்காது, மின்சாரமும் மிச்சமாகும். தெருவின் வெளிச்சமும் குறையாது. ரங்காபூரைச் சுற்றிப் புதிதாக எழும் குடியிருப்புகளுக்கு அனுமதி தரும்போதே இந்த நிபந்தனையை மாநில அரசு விதிக்க வேண்டும். சைனிக்புரியிலிருந்து இ.சி.ஐ.எல். கிராஸ்ரோட்ஸ் வரையிலான சாலை விளக்குகளுக்கு மூடி போடும் வேலையை, குடியிருப்போர் சங்கங்களைக் கலந்துகொண்டு மாநகராட்சி இவ்வாண்டே தொடங்கலாம்.