புனைபெயருக்குப் பின்னால் ஒரு பட்டியல்

“டீச்சர், வேறு பெயரில் மின்னஞ்சல் திறந்தால், நான் யாரென்று யாருக்கும் தெரியாதுதானே?” படிவம் மூன்று மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால், அது நல்ல அறிவியல் கேள்வி.

அதற்கான விடை பின்லாந்தில் கிடைக்கிறது. 1993இல் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் அங்கு ‘பெனெட்’ என்ற இலவச மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். நீங்கள் எழுதும் மடல் முதலில் அவருடைய கணினிக்குச் செல்லும். அது உங்கள் பெயரையும் முகவரியையும் நீக்கி, ஓர் எண்ணை இட்டு, உரியவருக்கு அனுப்பும். பதில் வந்தால் உங்களிடம் சேர்க்கும். லட்சக்கணக்கானோர் இதைப் பயன்படுத்தினர். துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் பெயர் சொல்லாமல் மனம்விட்டுப் பேசவும் இது உதவியது.

பதிலைச் சேர்க்க வேண்டுமானால், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இருந்தாக வேண்டும் அல்லவா? அதுவே அதன் பலவீனம். 1995 பிப்ரவரியில் பின்லாந்துக் காவல்துறை சோதனை ஆணையுடன் வந்தது. பயனர் ஒருவரின் உண்மையான முகவரியை ஹெல்சிங்கியஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996 ஆகஸ்டில் சேவையையே மூடிவிட்டார்.

இதற்கு ஒரு மாற்றுவழியை டேவிட் சௌம் என்ற அறிஞர் 1981லேயே எழுதியிருந்தார். கடிதத்தை உறைக்குள் உறையாக வைத்துப் பல கணினிகள் வழியே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கணினியும் ஓர் உறையை மட்டுமே பிரிக்கும். முழுப் பாதையும் எந்த ஒரு கணினிக்கும் தெரியாது.

புனைபெயர் மின்னஞ்சலே கூடாது என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. இணைய விளையாட்டுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் உங்கள் உண்மையான முகவரியை ஏன் கொடுக்க வேண்டும்? தனி முகவரி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால், “பட்டியல் யாரிடம் இருக்கிறது?” என்று முதலில் கேளுங்கள். இன்றைய சேவைகள் பலவற்றிலும் அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கிறது.

சக மாணவரைப் புனைபெயரில் மிரட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்படி, அடையாளத்தைக் காட்டினாலும் மறைத்தாலும் மிரட்டல் குற்றமே.

புனைபெயர் ஒரு திரைச்சீலை. உங்களைக் காத்துக்கொள்ள அதை இழுத்துவிடுங்கள். அதன் பின்னால் நின்று கல் எறியாதீர்கள்.