தலைவியும் தலைமையும்

சென்ற கோடை விடுமுறையில், போடிநாயக்கனூருக்கு அணித்தாய் மலையடிவாரத்திலுள்ள எம் சிற்றூரில் யாம் தங்கியிருந்த காலை, கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடரொன்றைக் கைப்பேசி வாயிலாகக் கண்டோம். 'தேமுல்' என்பது அதன் பெயர். 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒளிபரப்பப்பெற்றது. தொலைக்காட்சி அறிவிப்பாளராயிருந்த நங்கை ஒருத்தி, தன் கணவன் ஆப்கானிஸ்தானத்திற் கொல்லப்பட்டபின், நியாயம் கேட்கப் புறப்பட்டு, அரசியலிற் புகுந்து, ஈற்றில் தன் நாட்டின் முதற் பெண் குடியரசுத் தலைவராகின்றாள் என்பதே கதை.

அன்று ஏலத்தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பினின்று இறங்கி வந்த எம் அன்னையார், சிறிது பொழுது எம் அருகமர்ந்து அதனைக் கண்டார். "அந்த அம்மா பெரிய ஆளாகிவிட்டார், சரி, ஓட்டுப் போட்ட பெண்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குச் சென்றார். அவ்வினாவுக்கு எம்மால் அன்று விடையிறுக்க இயலவில்லை. அதனை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

கதையில் வந்தது பின்னர் மெய்யாகவும் நிகழ்ந்தது. முன்னாட் குடியரசுத் தலைவர் ஒருவரின் மகளாராகிய பாக் குன் ஹே அம்மையார் 2012-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, 2013-ல் தென்கொரியாவின் முதற் பெண் குடியரசுத் தலைவரானார். பின்பு அவர்மீது ஊழற் குற்றச்சாட்டு எழுந்தபோது, மக்கள் சனிக்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏந்தித் தலைநகரிற் கூடினர். 2017 மார்ச் 10-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியினின்றும் நீக்கிற்று. தொடரில் வந்த தலைவியினும், மெழுகுவத்தி ஏந்தி நின்ற அம்மக்களே எமக்குப் பெரியராய்த் தோன்றுகின்றனர். என்னை? தலைவி ஒருத்தியே, தலைமையோ பலரிடத்தும் வளர வேண்டிய பண்பு.

அத்தகைய நாடகம் எம் போடியிலும் நடந்ததுண்டு. எம்.ஜி.ஆர். மறைந்தபின், அவர்தம் மனைவியார் ஜானகி அம்மையார் 1988 ஜனவரியில் தமிழகத்தின் முதற் பெண் முதலமைச்சராகி, ஒரு திங்கள் நிறையுமுன் பதவியிழந்தார். கட்சி இரண்டாயிற்று. 1989 ஜனவரியில் நடந்த தேர்தலில், ஜெயலலிதா அம்மையார் சேவற் சின்னம் தாங்கிப் போடிநாயக்கனூர்த் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்து இரட்டைப் புறாச் சின்னம் தாங்கி நின்றவரும் திரைப்பட நடிகையாகிய வெண்ணிற ஆடை நிர்மலாவே. வெற்றி சேவலுக்காயிற்று. எம்மூர் தேர்ந்தனுப்பிய அவ்வம்மையார், தமிழகச் சட்டப்பேரவையின் முதற் பெண் எதிர்க்கட்சித் தலைவராகி, 1991 ஜூன் 24-ல் முதலமைச்சருமானார். 1992-ல் அவர் ஆட்சியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியதை மறத்தல் தகாது. 2014-ல் நீதிமன்றத் தீர்ப்பினால் அவர் பதவியிழந்ததை மறைத்தலும் தகாது.

எம்மூர் மூதாட்டியர் அத்தேர்தற் காலத்தை இன்றும் பெருமையோடு கூறுவர். ஆயினும், 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் அத்தொகுதியில் வென்றவர் ஆடவரே. ஒரு தலைவியை ஈன்ற ஊர், அடுத்த தலைவியை வளர்க்கவில்லை. பெருமரம் ஒன்றைக் கண்டு வியந்தோமேயன்றி, நாற்றங்கால் இடவில்லை.

நாற்றங்காலை எங்கே தேடுவது? மலையை நோக்குமின்! விடியுமுன் எழுந்து, உணவுத் தூக்குடன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டுக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் மகளிரைக் காண்மின். ஏலச்செடியின் காய்ச்சரம் நிலத்தையொட்டிப் படர்வதாதலின், அவர்கள் குனிந்தும் குந்தியுமே காய் எடுத்தல் வேண்டும். விளைந்தது இது, பிஞ்சு இது எனத் தொட்ட மாத்திரத்தில் அறியும் கைகள் அவை. அக்கைகளுக்குக் கணக்கும் வழக்கும் தெரியா என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

அம்மலைக்கு அப்பால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், 2015 செப்டம்பரில் நடந்ததை நோக்குக. போனஸ் குறைக்கப்பட்டதென்று அறிந்த தமிழ்ப் பெண் தொழிலாளர், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரால் தாமே திரண்டு சாலையில் அமர்ந்தனர். ஒன்பது நாளில் இருபது விழுக்காடு பெற்றனர். பின்னர் 232 ரூபாயாயிருந்த நாட்கூலியும் 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்களுள் ஒருவராகிய கோமதி அவ்வாண்டிலேயே தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வொருமை பின்னர்த் தளர்ந்தது மெய்யே. ஆயினும், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தலைமை புறத்தேயிருந்து வரவேண்டுவதில்லை என்பதை அது மெய்ப்பித்துவிட்டது.

தமிழக உள்ளாட்சிகளில் மகளிர்க்குச் சரிபாதி இடம் ஒதுக்கும் சட்டம் 2016-ல் நிறைவேறிற்று. "சட்டம் இடந்தரலாம், திறந்தருமோ? நாற்காலி மனைவிக்கு, ஆட்சி கணவனுக்கு என்றன்றோ நடக்கிறது?" என்று நகைப்பாருளர். அவர் கூறுவது முற்றும் பொய்யன்று, யாமே கண்டிருக்கிறோம். ஆனால், நீச்சல் கற்றபின்னரே நீரில் இறங்குக என்பார் கூற்றுக்கும் இதற்கும் வேற்றுமை யாது? நாற்காலியில் அமர்ந்தவரே அமரக் கற்பர். அமர்ந்தவரைப் பேசுவிக்கும் பொறுப்போ எதிரே இருப்போரைச் சார்ந்தது.

2023 மே முதல் நாள் எம்மூரில் கிராமசபை கூடிற்று. ஊராட்சித் தலைவராயிருந்த அம்மையார் ஓரத்தே அமர்ந்திருக்க, அவர்தம் கணவரே வரவு செலவு படித்தார். தோட்ட விடுமுறையாதலின் எம் அன்னையாரும் வந்திருந்தார். தெருக்குழாயில் நான்கு மாதமாக நீர் வாராமை குறித்து அவர் கேட்க, கணவர் விடைசொல்ல வாயெடுத்தார். "நீங்கள் இருங்கள் அண்ணே, தலைவரம்மா சொல்லட்டும்" என்றார் அன்னையார். கூட்டம் அடங்கிற்று. அவ்வம்மையார் எழுந்து, குரல் நடுங்க, குழாயின் நிலையைத் தாமே கூறினார். ஆகஸ்டுத் திங்கட் கூட்டத்தில் கணக்கினைப் படித்தவரும் அவரே.

எப்பிராயீம் மலைநாட்டிலே பேரீச்ச மரத்தின்கீழ் அமர்ந்து இஸ்ரவேலருக்கு நியாயம் விசாரித்த தெபொராளை நாம் இளமை தொட்டு அறிவோம். அவளிடம் மக்கள் வந்து வழக்குரைத்ததனாலன்றோ அம்மரநிழல் நியாயஸ்தலமாயிற்று? வினவுவார் இல்லாவிடத்து நியாயாதிபதியும் இல்லை.

ஆதலின், உடன் பயிலும் நண்பர்களே! தொடரில் வரும் தலைவியைக் கண்டு மகிழ்வோம், அதில் குற்றமில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், ஊராட்சிக் கணக்கினை நம் அன்னையர்க்கும் தமக்கையர்க்கும் படித்துக்காட்டுவோம். கிராமசபைக்கு அவர்களோடு செல்வோம். அவர்கள் பேசுங்கால் நாம் வாய்மூடியிருக்கவும் பழகுவோம். கல்லூரி நமக்கு எழுத்தறிவித்தது இதற்கும் உதவட்டும். ஓட்டுப் போட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று எம் அன்னையார் கேட்டாரன்றோ? கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே யாம் இன்று அவருக்கு அளிக்கும் விடை.