கரண்ட் பில்லுக்கு யார் கேக் வெட்டுவார்கள்?

'பரிசுப் பொருட்களைத் தவிர்க்கவும்' என்ற வரியைப் பிள்ளைகளின் பிறந்தநாள் அழைப்புகளில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நல்ல வரிதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் ஏறி, ஒரு கலர் பென்சில் பெட்டியோ ரிமோட் காரோ வாங்கி, ஜிகினாத் தாளில் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். மறுநாள் பிரித்தால் ஒரே மாதிரிப் பென்சில் பெட்டி நாலு இருக்கும். அதில் இரண்டு அப்படியே அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்குக் கிளம்பும். கார் பேட்டரி தீர்ந்ததும் பரணுக்குப் போகும்.

இது பொம்மையாக வருகிற மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து நோட்டில் எழுதுகிறார்கள். நாம் மனசுக்குள் எழுதிக்கொள்கிறோம். அவர்கள் நம் பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தார்களே, நாம் இருநூறோடு போகலாமா என்கிற கணக்கு, 'வேண்டாம்' என்று அச்சடித்தால் நின்றுவிடாது. கொடுக்க வருகிற கைக்கு வேறு இடம் காட்ட வேண்டும்.

அந்த வேறு இடம் என்றதும் பெரும்பாலான பெற்றோருக்குத் தோன்றுவது குழந்தைகள் இல்லம்தான். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. திருச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு இருக்கும். பிரியாணி, கேசரி, ஐஸ்கிரீம். சில நாள் காலையில் ஒரு கேக், சாயங்காலம் இன்னொன்று. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வார்கள். "அக்கா, இன்னைக்குப் பாட்டுல யார் பேரு?" என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போய் நிற்பான் ஒரு பையன். அவனுடைய பிறந்த தேதி எங்கள் ரிஜிஸ்டரில், டாக்டர் பார்த்துச் சொன்ன வயதை வைத்துப் போட்டது. அவனைப் போல இன்னும் சிலர் அங்கே உண்டு. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை கேக் ஊட்ட, அவன் வாய் திறக்க, அப்பா போனில் படம் எடுப்பார். ராத்திரிக்குள் அது ஸ்டேட்டஸில் இருக்கும்.

அந்தப் படம் சட்டத்துக்கும் ஆகாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு, இல்லங்களில் உள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் தெரியாமலேகூட ஒன்றை யோசிக்கலாம். நம் பிள்ளை சாப்பிடுவதை முன்பின் தெரியாதவர் படம் எடுத்தால் சும்மா இருப்போமா?

என் கணக்கு நோட்டில் ஞாயிறு நிறைந்திருக்கும், செவ்வாய் ராத்திரி காலியாக இருக்கும். கரண்ட் பில்லுக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை. கேஸ் சிலிண்டர், துவைக்கிற சோப்பு, பெரிய பெண்களுக்கு நாப்கின், ஜூனில் ஷூ, மூக்குக் கண்ணாடிக்கு மாற்று லென்ஸ், இவையெல்லாம் படத்தில் அழகாக விழாத செலவுகள். 18 வயது முடிந்து வெளியே போகிற பிள்ளைக்கு முதல் மாத ஹாஸ்டல் வாடகை வேண்டும். அதைக் கேட்க எங்களுக்குக் கூச்சம், கொடுக்க வருகிறவர்களுக்கு அது தோன்றுவதே இல்லை.

ஆகவே விருந்தை வீட்டிலேயே வையுங்கள். வாசலில் மேசை போட்டு ஒரு மண் உண்டியலை வையுங்கள். பெயர் எழுத நோட்டு வேண்டாம், கவரும் வேண்டாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாவிட்டால்தான் மொய்க் கணக்கு அறுபடும். பணம் எதற்குப் போகிறது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லத்துக்கு என்றால் முதலில் போன் போட்டு, இந்த மாதம் என்ன தேவை என்று கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபிக்க மாட்டார்கள். பணத்தை வங்கி மூலம் அனுப்பி ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையும் கிடையாது.

இல்லம்தான் என்றும் இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது கிளை நூலகம். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், 5,000 கட்டினால் பெரும் புரவலர். சொத்து வரியோடு நாம் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோமே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். வரி நாம் கட்டுவது. இது பிள்ளை கட்டுவது. உண்டியலை உடைத்துச் சில்லறையை அவளே எண்ணட்டும். நூலகரிடம் அவளே கொடுத்து, தன் பெயரில் ரசீது வாங்கட்டும். அந்த நூலகத்துக்கு அவள் நாளைக்கும் போகலாம், கதைப் புத்தகம் எடுக்கலாம். கொடுத்த இடத்தோடு ஓர் உறவு இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. தானம் கற்றுக்கொடுக்கிறோம் என்று பிள்ளையின் பரிசையெல்லாம் பிடுங்கிவிடாதீர்கள். தாத்தா பாட்டி வாங்கித் தருவது, உயிர்த்தோழி கையால் செய்து தருவது அவளுக்கே இருக்கட்டும். ஆறு வயதுக் குழந்தை பொம்மைக்கு ஆசைப்படுவது குற்றமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதற்குக் கொடுப்பது என்பதில் அவள் சொல்லுக்கும் இடம் வேண்டும். அப்பாவும் அம்மாவும் முடிவு செய்து அவள் பெயரில் கொடுத்தால் அது அவர்களுடைய தானம் மட்டுமே.

நூலகப் புரவலர் பலகையில் பிள்ளையின் பெயர் வருவதும் பெருமைக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக இன்னொரு பிள்ளை வரிசையில் நின்று கைதட்ட வேண்டியதில்லையே.