வலிக்காத இயர்போன் எது?

சென்ற கோடை விடுமுறையில் என் அக்கா மகன் ஒரு கேள்வியோடு வந்தான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. வீடு செங்கல்பட்டில், வேலை மாமல்லபுரம் கடற்கரையோரத்து விடுதி ஒன்றில். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான்.

"மாமா, ஹெல்மெட்டுக்குள்ளே போட்டால் காது வலிக்காத இயர்போன் எது? நீங்கள்தான் விஞ்ஞானம் எழுதுகிறீர்களே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

கேள்வி என்னவோ சிறியதுதான். ஆனால் விடை தேடப் போன எனக்கு, கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் என்பதை உங்களிடமும் சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுநர் உரிமம் பெறும் வயது இன்னும் ஆகவில்லை. ஆனால் அப்பாவின் வண்டியிலோ அண்ணனின் வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் முன்னால் உட்காரப் போகிறீர்கள். பழக்கம் படியுமுன் யோசிப்பதே நல்லது.

வலிப்பது எது?

முதலில் அவன் கேட்டதற்கு விடை. தலைக்கவசம் தலையை இறுக்கிப் பிடித்தால்தான் விபத்தில் காப்பாற்றும். அந்த இறுக்கத்தில் உள்ளே இருக்கும் மெத்தை காது மடலையும் அழுத்துகிறது. மடல் என்பது குருத்தெலும்பு. அதன்மேல் மெல்லிய தோல். நடுவில் கடினமான பிளாஸ்டிக் துண்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், அரைமணி நேரத்தில் வலிக்கத்தான் செய்யும். எனவே மடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிராத சிறிய இயர்போன் வலியைக் குறைக்கும். தலைக்கவசத்தில் காதுக்கு நேரே குழிவான இடம் இருந்தால் இன்னும் நல்லது.

கடைக்காரர் இந்த விடையோடு நிறுத்திவிடுவார். நாம் நிறுத்த முடியாது. ஏனென்றால் வலிப்பது காதின் வெளிப்புறம். ஆபத்து இருப்பதோ உட்புறத்தில். அந்த இடம் வலித்துக் காட்டிக்கொடுப்பதில்லை.

காதுக்குள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குக் காக்ளியா என்று பெயர். பட்டாணி அளவே உள்ள அதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அலைகளை நரம்பின் செய்தியாக மாற்றுபவை இவையே. அளவு மீறிய சத்தம் இவற்றைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. தோல் கிழிந்தால் வளர்கிறது; எலும்பு முறிந்தால் சேர்கிறது. மனிதனின் நுண்மயிர்ச் செல் போனால் போனதுதான். பறவைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவை. கோழியிலும் காடையிலும் இச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன என்று 1988இல் கண்டறிந்தார்கள். நம் மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு வருகின்ற பறவைகளைப் பார்த்து இதற்காகவும் நாம் பொறாமைப்படலாம்!

தலைக்கவசத்துக்குள் இவ்வளவு சத்தமா?

"ஹெல்மெட் காதை மூடிக்கொண்டுதானே இருக்கிறது? வெளிச் சத்தம் எப்படி உள்ளே வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது என்பதைவிட, சத்தம் அங்கேயே பிறக்கிறது என்பதுதான் சரி. வேகமாக வரும் காற்று தலைக்கவசத்தின் மேல் மோதிச் சுழல்களாக உடைகிறது. அந்தக் கொந்தளிப்புதான் நாம் கேட்கும் 'ஹோ' என்ற இரைச்சல். இதில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதி ஒலி. தலைக்கவசத்தின் மெத்தை உயர்ந்த சுருதியை ஓரளவு தடுக்கும். தாழ்ந்த சுருதியை அவ்வளவாகத் தடுக்காது.

இந்த இரைச்சலை 1990களில் இங்கிலாந்தில் அளந்து பார்த்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநரின் காதில் ஏறக்குறைய 90 டெசிபல். 160 கிலோமீட்டர் வேகத்தில் 110 டெசிபல். இன்னொரு செய்தியும் உண்டு. 2011இல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முகவாய்க்குக் கீழே தலைக்கவசத்தின் விளிம்பில் மோதும் காற்றும் இரைச்சலுக்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள்.

இனி, எவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் தாங்கலாம்? தொழிலாளர் நலத்துக்காக உலகில் பலரும் பின்பற்றும் கணக்கு இது: ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 97க்கு அரைமணி. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது என்பதே இதன் அடிப்படை.

கடற்காற்று போடும் கணக்கு

இந்தக் கணக்கை நம் சாலைக்குக் கொண்டுவருவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர். 60 வேகத்தில் போனால் 29 நிமிடம். (ஊருக்குள் வேகம் குறைவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) காற்றே வீசாத நாளில் காதில் 90 டெசிபல். அதற்கு அனுமதி இரண்டரை மணி நேரம். ஒரு முறை போவதில் ஐந்தில் ஒரு பங்கு தீருகிறது. பரவாயில்லை.

ஆனால் என் அக்கா மகன் புறப்படுவது கோடையின் பிற்பகலில். அப்போது கடற்காற்று வீசும். இந்தச் சாலையோ கடலை நோக்கிக் கிழக்கே போகிறது. எனவே காற்று நேர் முகத்தில் அடிக்கும். வண்டியின் வேகம் 60, எதிர்க்காற்று 20 என்றால், தலைக்கவசத்தின் மேல் மோதும் காற்றின் வேகம் 80. இதுதான் நீங்கள் பாடத்தில் படித்த சார்பு வேகம். வேகமானி 60 என்று காட்டும். காதுக்கு அது 80. மேலே சொன்ன இரு அளவுகளையும் வைத்துக் கணக்கிட்டால், 80க்கு ஏறக்குறைய 96 டெசிபல் வருகிறது. அதற்கு அனுமதி சுமார் 38 நிமிடம். ஒரே பயணத்தில் அன்றைய பங்கில் முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது! காற்று அப்படியே வீசிக்கொண்டிருக்கையில் திரும்பினால், அதே 60 வேகத்தில் காது காண்பது 40 கிலோமீட்டர் காற்றுதான். ஒரே வண்டி, ஒரே சாலை. போகும் காதும் வரும் காதும் வேறு.

இப்போது பாட்டைச் சேர்ப்போம். காதுத் துளையை அடைக்காமல் வாயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் இயர்போன் என்று வைத்துக்கொள்வோம். 96 டெசிபல் இரைச்சலில் பாட்டு தெளிவாகக் கேட்க, அதுவும் ஏறக்குறைய 96 இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 192 ஆகாது. ஆற்றல் இரட்டிப்பாவதால் 99 ஆகும். அனுமதி 19 நிமிடமாகக் குறைகிறது. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போவதற்குள் அன்றைய பங்கு முடிந்துவிடும். பாட்டு மட்டும் முடியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு வேடிக்கை. அங்கே கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. சவுக்குத் தோப்பின் மறைவில் இரைச்சல் அடங்கும். முட்டுக்காடு பாலம் போன்ற திறந்த வெளிக்கு வந்ததும் சட்டென்று ஏறும். அங்கே பாட்டின் ஒலியைக் கூட்டுகிற கை, பாலம் தாண்டியபின் குறைப்பதில்லை. 

நானும் இதற்கு விதிவிலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் பாட்டுக் கேட்டபடி போய், அர்ச்சுனன் தபசுக்கு அருகே இறங்கினேன். பக்கத்துச் சிற்பக் கூடத்தில் ஒருவர் கல் கொத்திக்கொண்டிருந்தார். உளி விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. 'கிண்' என்ற ஓசை மட்டும் துணியில் சுற்றி வைத்தாற்போல் மழுங்கிக் கேட்டது. காதில் ஒரு ரீங்காரம். அரைமணியில் சரியாகிவிட்டது. அது களைப்பின் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. இத்தகைய களைப்பு நாள்தோறும் நேர்ந்தால் அதுவே நிரந்தரமாகிறது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதி. 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகள் நழுவும். பிறர் பேசுவது கேட்கும்; என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது.

பாடாத இயர்போன்

அப்படியானால் காதை இறுக்கமாக அடைக்கும் இயர்போனை வாங்கி, பாட்டை மெதுவாக வைத்தால் போதாதா? நியாயமான கேள்வி. அடைப்பது காற்றின் இரைச்சலைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நன்மையைத் தருவது அடைப்பு, பாட்டு அல்ல. பாட்டு தருவது வேறொன்று: பின்னால் வரும் லாரியின் ஹாரனை மறைக்க ஒரு புதிய திரை.

ஆகவே என் கருத்து இதுதான். தலைக்கவசத்துக்குள் அணிய ஏற்றது, பாடாத இயர்போன். அதாவது, நுரையால் செய்த காதடைப்பான். மருந்துக் கடைகளில் கிடைக்கும். விலை மிகக் குறைவு. விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் உள்ளே விரிந்து பொருந்தும். துருத்திக்கொண்டு நிற்காது, மென்மையானது, ஆகவே வலிக்காது. சரியாகச் செருகினால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். மார்கழிக் குளிருக்குப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் பஞ்சு இந்த வேலையைச் செய்யாது. அது சத்தத்தை அதிகம் தடுப்பதில்லை.

"காதை அடைத்தால் ஹாரன் கேட்காதே!" என்பீர்கள். மாமல்லபுரத்து மணலில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். வெறும் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி போட்டால் படகும் அலையும் தெளிவாகத் தெரியும். கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்தே மங்கச் செய்கிறது. ஆகவே படகு காணாமல் போவதில்லை. காதடைப்பானும் அப்படித்தான். இரைச்சலும் ஹாரனும் சேர்ந்தே குறைகின்றன. பாட்டோ ஹாரனோடு போட்டியிடுகிறது. எனினும் ஒரு எச்சரிக்கை: இது நெடுஞ்சாலை வேகத்துக்கு. ஊருக்குள் மெதுவாகப் போகையில் தேவையில்லை. ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

சட்டங்களும் இந்தப் பக்கம் நகர்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது 2015 ஜூலை 1 அன்று. அதே நாளில்தான் பிரான்சில், வாகனம் ஓட்டுவோர் காதில் இயர்போன் அணியத் தடை நடைமுறைக்கு வந்தது. இங்கே தலையில் ஒன்றை ஏற்றினோம். அங்கே காதிலிருந்து ஒன்றை இறக்கினார்கள். இரண்டுமே தேவை என்பேன். நம் மோட்டார் வாகனச் சட்டமும் 2019இன் திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது.

வழி கேட்டும் அழைப்பு ஏற்றும் பிழைப்பு நடத்துகிறவர்களை நான் மறக்கவில்லை. வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர்களுக்கு 'பாட்டைக் கேட்காதே' என்பது எளிது. 'அழைப்பை எடுக்காதே' என்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. வண்டியை ஓரம் கட்டிப் பேச ஐந்து நிமிடம் தாமதத்தை நாம் பொறுத்துக்கொண்டால், அவர்கள் காதைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.

நீங்கள் செய்யக்கூடியது

பின்னால் உட்காருகிறவர்களே, உங்களுக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். வாரைப் பூட்டுங்கள், முகக் கண்ணாடியை இறக்குங்கள், கழுத்துக்கும் தலைக்கவசத்துக்கும் இடையே உள்ள சந்தை ஒரு துணியால் மூடுங்கள். துணியின் நுனி வெளியே தொங்கக் கூடாது. கீழிருந்து வரும் இரைச்சல் குறையும்.

ஒரு சோதனையும் செய்யலாம். மோட்டார் சைக்கிளில் வேண்டாம், பேருந்தில் செய்யுங்கள். ஓடும் பேருந்தில் உங்கள் நண்பர் பாட்டை எந்த அளவில் வைத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அமைதியான அறையில் தமக்குப் பிடித்த அளவை அவரே வைக்கட்டும். இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். இடைப்பட்ட வித்தியாசம் முழுவதும் இரைச்சலை வெல்ல அவர் காது கொடுத்த விலை.

என் அக்கா மகனிடம் இத்தனையும் சொன்னேன். முகம் சுருங்கியது. "பாட்டில்லாமல் அந்த ரோட்டில் எப்படி மாமா போவது?" என்றான். இரண்டு நுரை அடைப்பான்களைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் பார் என்றேன். அடுத்த ஞாயிறு வந்தான். "பாட்டு இல்லாதது கஷ்டம்தான். ஆனால் வேலைக்குப் போய் இறங்கியதும் தலை 'கும்' என்று இருக்கும் இல்லையா, அது இல்லை" என்றான்.

இயர்போனை அவன் இன்னும் தூக்கி எறியவில்லை. வீட்டில் கேட்கிறான். அது போதும்.