ஊருக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு ஓட்டா?

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற நம் வயதுக்காரர்கள் எல்லோரும் மனோதத்துவ நிபுணர்கள் ஆகிவிடுகிறார்கள். "கொங்குக்காரன் உழைப்பாளி, சிக்கனக்காரன், அதனால் அவன் ஓட்டு அந்தப் பக்கம்தான்." "மதுரைக்காரனுக்குப் பாசமும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி, ஆளைப் பார்த்துத்தான் போடுவான்." "தஞ்சாவூர்க்காரன் ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன், சொகுசு." நம்மையும் விடுவதில்லை. "திருச்சிக்காரன் வம்புக்குப் போகமாட்டான், ஜெயிக்கிற பக்கம் சாய்வான்."

36 வருட வங்கி உத்தியோகத்தில் 9 ஊர்களில் குப்பை கொட்டியவன் நான். போன ஊரிலெல்லாம் பக்கத்து ஊர்க்காரனைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். இப்போது இந்தப் பேச்சுக்கு அமெரிக்க ஆராய்ச்சியின் முத்திரையும் சேர்ந்திருக்கிறது. படித்த நண்பர்களே அதைக் காட்டிப் பேசுகிறார்கள். ஆகவே என் கருத்தை எழுதிவிடுகிறேன். ஊருக்கு ஒரு குணம், அந்தக் குணத்துக்கு ஒரு கட்சி என்பது தவறான பேச்சு. தவறு என்பதோடு நில்லாமல் கெடுதலும் செய்கிற பேச்சு.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மனிதக் குணத்தை ஐந்து தலைப்பில் அளக்கலாம் என்பது உளவியலாளர்கள் பலரும் ஏற்ற கணக்கு. புதியதை வரவேற்கும் மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் ஆகியவை அந்த ஐந்து. ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங், பாட்டர் என்ற மூவர் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இணையம் வழியாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அளித்த பதில்களை மாநிலவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். புதியதை வரவேற்கும் மனம் சராசரியில் அதிகமுள்ள மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், ஒழுங்கு அதிகமுள்ள மாநிலங்கள் குடியரசுக் கட்சிப் பக்கமும் சாய்ந்தது தெரிந்தது. நான் இதை மறுக்கவில்லை. அவர்கள் எண்ணியதை எண்ணிச் சொன்னார்கள். அதிலிருந்து நம் ஆட்கள் எடுக்கிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

காரணம் ஒன்று. மாநிலத்தின் சராசரி வேறு, மனிதன் வேறு. இதை 1950-லேயே ராபின்சன் என்ற சமூகவியலாளர் காட்டிவிட்டார். 1930-ம் வருட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? இல்லை. ஆள் ஆளாகக் கணக்கெடுத்தால் அவர்களிடம் எழுத்தறிவு குறைவு. படித்தவர்கள் நிறைந்த, வேலை கிடைக்கிற மாநிலங்களுக்கு அவர்கள் பிழைக்கப் போனார்கள், அவ்வளவுதான். மாநிலக் கணக்கு ஒரு திசையைக் காட்ட, மனிதக் கணக்கு எதிர்த்திசையைக் காட்டியது. ஒரு மாவட்டத்தின் ஓட்டுச் சதவீதத்தை வைத்து அந்த மாவட்டத்து மனிதனின் மனதைப் படிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் இரண்டு. குணம்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்றால், குணம் மாறாமல் ஓட்டு மாறக்கூடாது. கோயம்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். 1998, 1999-ல் பாரதிய ஜனதா. 2004-ல் இந்திய கம்யூனிஸ்ட். 2009-ல் மார்க்சிஸ்ட். 2014-ல் அ.தி.மு.க. 2019-ல் மறுபடி மார்க்சிஸ்ட். 2024-ல் தி.மு.க. இடையில் 2021 சட்டமன்றத் தேர்தலில் அந்த மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கே போயின. இத்தனைக்கும் அங்கே இருந்தது ஒரே ஜனங்கள்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கோவைக்காரரின் குணம் சிறுவாணித் தண்ணீரோடு மாறி வந்ததா?

நாகர்கோவிலும் அப்படியே. 1969 இடைத்தேர்தலில் காமராஜரைத் தேர்ந்தெடுத்த தொகுதி அது. பிறகு 1999-ல் பாரதிய ஜனதாவையும், 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியையும் அனுப்பியது. கன்னியாகுமரி என்று பெயர் மாறிய பிறகு 2009-ல் தி.மு.க., 2014-ல் பாரதிய ஜனதா, 2019-ல் காங்கிரஸ்.

"அதெல்லாம் கூட்டணிக் கணக்கு சார்" என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். யார் யாரோடு சேர்ந்தார்கள், அப்போது விலைவாசி என்ன, மின்வெட்டு எத்தனை மணி நேரம், வேட்பாளர் யார் என்பதெல்லாம்தான் முடிவைச் செய்கின்றன. அதைச் செய்துவிட்ட பிறகு குணத்தைக் கூப்பிட்டு மாலை போடுகிறோம்.

காரணம் மூன்று, நம் ஊரே. வம்புக்குப் போகாதவர்கள் என்று பெயர் வாங்கிய திருச்சி, 1962, 1967, 1971, 1977 என்று தொடர்ந்து நான்கு பொதுத்தேர்தல்களில் கம்யூனிஸ்டுகளை டெல்லிக்கு அனுப்பியது. முதல் இரண்டு முறை அனந்தன் நம்பியார், அடுத்த இரண்டு முறை எம். கல்யாணசுந்தரம். நம் தலைமுறைக்கு இது ஞாபகம் இருக்கும். ஏன் அனுப்பியது? பொன்மலை ரயில்வே பட்டறை இருந்தது. அங்கே சங்கம் இருந்தது. 1946 செப்டம்பர் 5-ல் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் விழுந்த மண் அது. அதே திருச்சிதான் 1998-லும் 1999-லும் பாரதிய ஜனதாவின் ரங்கராஜன் குமாரமங்கலத்தைத் தேர்ந்தெடுத்தது. 2019-ல் காங்கிரஸுக்கும், 2024-ல் ம.தி.மு.க.வுக்கும் வாய்ப்புக் கொடுத்தது. ஜெயிக்கிற பக்கம் சாய்கிறவர்களா நாம்? 1967-ல் தமிழ்நாட்டை ஜெயித்தது யார், டெல்லியை ஜெயித்தது யார், நாம் அனுப்பியது யாரை என்று எண்ணிப் பாருங்கள்.

கோவையில் சிவப்புக் கொடி பறந்ததற்கும் பஞ்சாலைகளே காரணம். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கூலித் தகராறும் சங்கமும் கூடவே வந்தன. நாகப்பட்டினத்துப் பக்கம் செங்கொடி ஊன்றியதற்குக் காரணம், பண்ணையில் அடிமைபோல் வேலை செய்தவர்களின் போராட்டம். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரிந்துபோன கீழ்வெண்மணி அந்தப் பக்கத்து ஊர். 'ஆற்றுத் தண்ணீர், சொகுசு' என்று பேசுகிறவர்கள் எந்தத் தஞ்சாவூரைப் பார்த்தார்களோ தெரியவில்லை.

ஊருக்கு ஊர் மனப்போக்கில் வித்தியாசமே கிடையாதா என்று கேட்டால், இருக்கலாம் என்பேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய நிலக்கரிப் பகுதிகளில் இன்றும் பதற்றமும் மனச்சோர்வும் சராசரியில் அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்த ஆய்வு சொல்வதைக் கவனியுங்கள். சுரங்கமும் ஆலையும் முதலில் வந்தன, மனநிலை பிறகு வந்தது. வாழ்க்கை மனதை வடிக்கிறது. வாழ்க்கையைச் சொல்லாமல் மனதை மட்டும் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம்.

இது வெறும் திண்ணைப் பேச்சுதானே, இதற்கு இவ்வளவு கோபமா என்று நினைக்கலாம். திண்ணைப் பேச்சு சட்டமான கதை நமக்குத் தெரியும். பிறவியிலேயே குற்றக் குணம் உள்ளவர்கள் என்று சில சமூகங்களுக்கு முத்திரை குத்தி 1871-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

சின்ன அளவில் அதை நானும் பார்த்தேன். ஒரு கிளையில் நான் இருந்தபோது, லேத் பட்டறை போட ஒரு பையன் கடன் கேட்டான். காகிதங்கள் எல்லாம் சரி. பரிந்துரைத்து மேலே அனுப்பினேன். "அந்த ஊர் ஆட்கள் முரடர்கள், வசூலுக்குப் போனால் அடிக்க வருவார்கள், நமக்கு எதற்கு" என்று போனிலேயே மேலதிகாரி முடித்துவிட்டார். இரண்டாவது முறை எழுதினேன், அதுவும் திரும்பி வந்தது. அந்தப் பையன் ஒருவரையும் அடித்ததில்லை. அவனுக்கு ஊர்தான் ஜாமீனுக்கு எதிராக நின்றது. பட்டறை போட வேண்டியவன் வேறொருவன் பட்டறையில் கூலிக்குப் போனான்.

அரசியலிலும் இதே நஷ்டம்தான். "அந்த ஜில்லாக்காரன் குணமே அப்படி, நமக்குப் போடமாட்டான்" என்று ஒரு கட்சி முடிவு கட்டினால், அங்கே ரோடும் போடாது, ஆஸ்பத்திரியும் கட்டாது. "இவன் நமக்குத்தான் போடுவான்" என்று இன்னொரு கட்சி முடிவு கட்டினால் அதுவும் ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது ஓட்டுப் போட்டவன்.

அடுத்த தேர்தல் முடிவு வரும்போது, தோற்றவர்களோ ஜெயித்தவர்களோ யாராவது "அந்த ஊர்க்காரன் புத்தியே அப்படி" என்று ஆரம்பித்தால், அந்த ஊரில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த ஆலை மூடியது, நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது என்று கேளுங்கள். பதில் தெரியாதவர்களுக்கு அந்த ஊர்க்காரனின் புத்தியைப் பற்றிப் பேச உரிமை இல்லை.